ஏரி வாரியமும் சகலையும்

ஏரியைக் கவனிக்கும் வாரியத்துக்கு ஆள் எடுப்பதில் உத்திரமேரூர்க்காரர்கள் கறாரானவர்கள். கி.பி. 921-இல், முதலாம் பராந்தகன் காலத்தில், குடவோலையில் பெயர் எழுதவே தகுதி வைத்துக் கல்லில் வெட்டினார்கள். வயது 35 முதல் 70. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவரோடு போகவில்லை, சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, தாய்மாமன், மாமனார், மருமகன், சகலை வரைக்கும் தடை.

இன்று ஏரி வேலைக்கு ஒப்பந்ததாரராகப் பதிவு செய்யச் சொத்து மதிப்புச் சான்று கேட்பார்கள். சகலையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். கேட்டால் இரண்டாவது விலைப்புள்ளி போட ஆள் ஏது?

2017-இல் தமிழகம் முழுக்க வறட்சி. அதே ஆண்டு, உத்திரமேரூர் இருக்கும் மாவட்டத்து மணிமங்கலத்தில், ஏரிகளைத் தூர்வாரும் குடிமராமத்துத் திட்டம் தொடங்கியது. டெண்டர் வேண்டாம், ஏரிப் பாசனம் பெறும் ஆயக்கட்டு விவசாயிகளே செய்யட்டும் என்றார்கள். ஒப்பந்ததாரர் என்ன செய்வார், பாவம்! அவரும் ஆயக்கட்டுக்காரர் ஆகிவிட்டார்.

வறட்சி, தூர்வாரத் தோதான காலம். பொக்லைன் இறங்கும்; எடுத்த வண்டலும் எடுக்காத வண்டலும் எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் ஏறும். ஐப்பசி மழை கொட்டி ஏரி நிரம்பிவிட்டால், அளந்து பார்க்க வரும் அதிகாரிக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும்.