எந்த ராஜாவை நம்புவது?

கேள்வி: ரோமானிய வெள்ளிக்காசு சேகரிக்க ஆசை. எந்தப் பேரரசரை நம்பி வாங்கலாம்?

பதில்: செத்துப்போனவர்கள்தானே என்று எல்லோரையும் நம்பிவிடாதீர்கள்! கி.பி. 64 வாக்கில் நீரோ தெனாரியஸ் காசின் எடையையும் குறைத்தார், வெள்ளியையும் குறைத்தார். 215-இல் காரகல்லா இரண்டு தெனாரியஸ் மதிப்பில் விட்டதாகக் கருதப்படும் காசில் ஒன்றரைக்கான வெள்ளிதான் இருந்தது. 270 வாக்கில் அதுவும் போய், செம்புக்கு வெள்ளிப் பூச்சு. கோவை வட்டாரப் புதையல்களில் அதிகம் கிடைத்தவை நீரோவுக்கு முந்திய அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள். நம்மவர்கள் உரசிப் பார்க்காமல் மிளகு கொடுத்திருப்பார்களா என்ன?

ஒன்று: நீங்கள் எவ்வளவு பெரிய காயின் கலெக்டராக இருந்தாலும், மண்ணுக்கடியில் புதையலாகக் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டக் கலெக்டருக்குத்தான் தெரிவிக்க வேண்டும்.