மெல்லிய அறுவை: ஸ்க்ரோல் சா பிளேடும் சிக்கன மனமும் – ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

ஸ்க்ரோல் சா என்பது மேசைமேல் உட்கார்ந்துகொண்டு, தையல் மெஷின் ஊசியைப் போல மேலும் கீழும் ஆடும் பிளேடால் பலகையில் பூவும் கொடியும் அறுக்கும் இயந்திரம். அதை வாங்க ஆயிரக்கணக்கில் செலவாகும். அறுக்கப்படும் தேக்குப் பலகையின் விலையைக் கேட்டால் நாற்காலி தேட வேண்டும். பட்டறையிலேயே மலிவான பொருள் பிளேடுதான்: 5 அங்குல நீளம், பென்சில் கோட்டின் பருமன், டஜன் கணக்கில் கம்பி சுற்றி விற்பார்கள். இருந்தும், மழுங்கிய பிளேடைக் கழற்றி எறிய மரவேலைக்காரருக்குக் கை வருவதில்லை. இது ஏன் என்பதே இவ்வாய்வின் சிக்கல்.

கருதுகோள்

எந்த பிளேடை மாட்டுவது என்பதை மரத்தின் தடிப்பு முடிவு செய்கிறது. அதை எப்போது கழற்றுவது என்பதைக் கஞ்சத்தனம் முடிவு செய்கிறது. இரண்டில் பின்னதே வலிது.

ஆய்வு எல்லை

மரவாடியில் அடிமரம் பிளக்கும் பட்டை ரம்பம், ஆசாரியின் கைரம்பம், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் போடும் ரம்பம் ஆகியவை இவ்வாய்வுக்குள் வரா.

முன்னோர் முயற்சிகள்

சிக்கனத்துக்கும் நுண்ணறுப்புக்கும் உள்ள உறவு பழையது. பிரான்சில் பதினான்காம் லூயி மன்னரின் மரவேலைக்காரராக இருந்த ஆந்த்ரே-ஷார்ல் பூல் (1642–1732), பித்தளைத் தகட்டையும் ஆமை ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்தே அறுத்தார். ஆமை ஓட்டில் விழுந்த துளைக்குள் பித்தளைப் பூ கச்சிதமாக உட்காரும். பித்தளையில் விழுந்த துளைக்குள் ஆமை ஓட்டுப் பூ உட்காரும். ஓர் அறுப்பில் இரண்டு அலங்காரம். மிச்சம் என்று தூளைத் தவிர எதுவும் இல்லை. மன்னரின் பணத்தில் வேலை செய்தவரே இப்படி இருந்திருக்கிறார்.

1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி நாடுகளின் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, எல்லைக்கோடுகளின் வழியே அறுத்து, பிள்ளைகள் சேர்த்து விளையாடட்டும் என்று விற்றார். ஜிக்சா புதிரின் தொடக்கம் அதுவே. மரவேலைக்காரர்கள் பொருத்தி விற்பார்கள். இவர் பொருத்தும் கூலியையும் வாங்குகிறவர் தலையில் கட்டினார். நமக்குப் பக்கத்தில் மைசூர் ஈட்டிமர உட்பதிப்பு வேலை இன்றும் நடக்கிறது. ஒரு காலத்தில் தந்தம் பதித்த இடத்தில் இப்போது பல நிற மரத் துண்டுகள் உட்காருகின்றன. அறுப்பு ஒரு நூல் அகன்றாலும் இடைவெளி பல்லை இளிக்கும். ஆகவே மெல்லிய பிளேடு ஆடம்பரமன்று, தேவை.

எண்ணியல்

பிளேடுகளுக்கு எண் உண்டு. எண் ஏற ஏற பிளேடு தடிக்கும், வேகம் கூடும், வளைவில் திரும்பும் லாவகம் குறையும். கால் அங்குலத்துக்கு உட்பட்ட மெல்லிய பலகைக்கு 2/0 முதல் 1 வரை. அரை அங்குலத்துக்கு 3. முக்கால் அங்குலத்துக்கு 5 அல்லது 7. அதற்கு மேற்பட்ட கடின மரத்துக்கு 9, 12. எண் 5 ஏறத்தாழ 1 மி.மீ. அகலமும் 0.4 மி.மீ. தடிப்பும் உடையது. மரத்தின் தடிப்புக்குள் எந்நேரமும் குறைந்தது மூன்று பல்லாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி.

1-க்குக் கீழே மெலிந்தால் 0. அதற்கும் கீழே 2/0, 3/0. அதாவது இரண்டு சுழியம், மூன்று சுழியம். பொற்கொல்லர் வில்ரம்பத்தில் இது 8/0 வரை இறங்கும். சுழியத்தை உலகுக்குக் கொடுத்தோம் என்று மேடையில் மார்தட்டுவோர், வாங்கிக்கொண்டவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கடையில் அதிகம் புழங்குபவை 1, 3, 5, 7, 9, 12. மொய் எழுதுவதுபோல் ஒற்றைப்படையாக இருப்பது மங்கலம் கருதியே என்று ஆய்வாளர் நிறுவ முயன்றார். 12 இதற்கு உடன்படவில்லை. ஆகவே 12 ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

பல்லியல்

பல் வரிசையை வைத்துப் பல பிரிவினர் உளர். ஒன்று விட்டு ஒன்று பல் நீக்கிய பிளேடு, இடைவெளியில் தூளை வெளியேற்றிச் சூடு குறைய ஓடும். அடியில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கிய பிளேடு, பலகையின் கீழ்முகத்தில் சிம்பு கிளம்பாமல் காக்கும். அதை மாட்டும்போது, பிளேடு மேலே ஏறி நிற்கையில் அந்தத் தலைகீழ்ப் பற்களில் இரண்டு மூன்று மட்டுமே மேசைக்கு மேல் தெரிய வேண்டும். கூடுதலாகத் தெரிந்தால் பலகை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எழுந்து வணக்கம் சொல்லும். இரு திசையும் பார்த்த பற்கள் உள்ள பிளேடை எந்த முனை மேலே வந்தாலும் மாட்டலாம், அவசரக்காரர்களுக்கு உகந்தது.

முறுக்கிய சுருள் பிளேடு தனி மதம். நாலாபக்கமும் பல் இருப்பதால் பலகையைத் திருப்பவே வேண்டாம். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தள்ளினால் போதும். இயந்திரத்தின் கைக்குள் சுழலாத பெரிய பலகைக்கு இதுவே கதி. ஆனால் அறுப்பு அகலமாகவும் சொரசொரப்பாகவும் வரும். நேர்கோடு கேட்டால் மரத்தின் ரேகையைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விடும்.

முனையில் குட்டி ஆணி வைத்த பிளேடும் உண்டு, மாட்டுவது எளிது. பிள்ளையார் உருவத்தில் தும்பிக்கைக்கும் தந்தத்துக்கும் இடையே ஒரு பொட்டுத் துளை போட்டு, மேல்பிடியைக் கழற்றி, பிளேடை அதன் வழியே நுழைத்து, மறுபடி பூட்டி அறுக்க வேண்டியபோதுதான் வம்பு தெரியும். ஆணி நுழையும் அளவுக்குத் துளையை அகட்டினால் பிள்ளையாருக்குத் தந்தம் மிஞ்சாது. ஆணி இல்லாத வெறும் முனையே இங்கு செல்லும்.

சுருதியும் சாய்வும்

பிளேடை மாட்டி இறுக்கியபின் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். மேல்நாட்டார் ‘ஹை ஸி’ கேட்க வேண்டும் என்பர். நம் கணக்கில் மேல் ஸ்தாயியில் ஒரு கட்டை. ‘டொய்ங்’ என்று தளர்ந்து ஒலித்தால் பிளேடு வளைந்து ஓடும்.

சுருதி சேர்ந்தாலும் பிளேடு நேராகப் போகாது. பிளேடைத் தயாரிக்கையில் பல் வெட்டி எடுக்கும்போது ஒரு பக்க விளிம்பில் பிசிறு தங்கிவிடுவதால், அந்தப் பக்கம் கூடுதலாக அறுத்து பிளேடு சாயும், பெரும்பாலும் வலப்பக்கம். பலகையைச் சற்றே கோணலாகப் பிடித்துத் தள்ளினால்தான் கோடு நேராக வரும். புதியவர் முதலில் இயந்திரத்தைச் சந்தேகிப்பார், பிறகு கண்ணாடிக் கடைக்காரரை. பழகியவர் கோணலைக் கையிலேயே வைத்திருப்பார்.

களத்தரவு

தகவலாளி அ: ஆசாரி. தகவலாளி ஆ: ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், பேத்திக்குப் பெயர்ப்பலகை செய்கிறார். தேக்கில் வளைவு ஏறிக்கொண்டிருக்கையில் புகை வாசம் வந்தது.

“சார், மரம் கருகுது. பிளேடு செத்துப்போச்சு.”

“இன்னும் அறுக்குதே ஆசாரி!”

“அறுக்கல சார், நீங்க தள்ளுறீங்க.”

முழு ஆய்வேடும் இந்தக் கடைசி வாக்கியத்தில் அடக்கம். தேக்கில் உள்ள சிலிக்காவும் ப்ளைவுட்டின் பசையும் பிளேடின் கூர்மையைச் சீக்கிரம் தின்னும். தடித்த கடின மரத்தில் அரைமணி நேர அறுப்பிலேயே கூர் மங்கலாம். மங்கியபின் தள்ளுவோம். தள்ளினால் பிளேடு பின்னால் வளையும். வளைந்தால் அறுப்பின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒத்துப்போகா. உராய்வில் மரம் கருகும். அறுக்குமுன் பலகைமேல் பேக்கிங் டேப் ஒட்டினால் கருகல் குறையும். செத்த பிளேடை அது எழுப்பாது.

தகவலாளி ஆ-வின் எதிர்வாதம் கணக்கு வழிப்பட்டது. இயந்திரத்தின் ஆட்டம் முக்கால் அங்குலம். கால் அங்குலப் பலகை என்றால், 5 அங்குல பிளேடில் ஏறத்தாழ ஓர் அங்குலமே மரத்தைத் தொடுகிறது. மீதிப் பல்லெல்லாம் புத்தம் புதிது. எறிவது எப்படி நியாயம்? ஆகவே மேசைமேல் இன்னொரு பலகையை வைத்து உயரத்தைக் கூட்டி, தொடாத பற்களையும் வேலைக்கு இழுத்தார். இம்முறை உண்மையிலேயே பலன் தரும் என்பதை ஆய்வாளர் வருத்தத்துடன் பதிவு செய்கிறார். ஆனால் அந்தப் பற்களும் மழுங்கியபின் அவர் பிளேடைக் கழற்றித் துடைத்து, “மெல்லிசு பலகைக்கு ஆகும்” என்று பழைய தைல டப்பாவில் போட்டார். டப்பா நிரம்பியிருந்தது.

முடிவுகள்

1. பிளேடு எண்ணைத் தவறாகத் தேர்ந்து கெட்ட பலகைகளைவிட, சரியான எண்ணை விடாப்பிடியாக வைத்துக்கொண்டு கெட்ட பலகைகள் அதிகம்.

2. பிளேடு உடைவதை மரவேலைக்காரர் நஷ்டமாகக் கருதுகிறார். உண்மையில் அவர் எடுக்க மறுத்த முடிவை பிளேடே எடுத்துவிடுகிறது.

3. கூர் மங்கியதை அறியாமல்தான் மாற்றவில்லை என்ற வாதம் நிற்காது. தகவலாளி ஆ பின்னொரு நாள் ஆசாரியின் பட்டறைக்குப் போய், ஆசாரியின் இயந்திரத்தில், ஆசாரியின் பிளேடுகளைக் கொண்டு அதே பெயர்ப்பலகையை அறுத்தார். மரம் கருகவில்லை, ஓசை மாறவில்லை. இரண்டு எழுத்து முடிந்த கையோடு, “ஆசாரி, இது கொஞ்சம் மங்கின மாதிரி இருக்கு, புதுசு ஒண்ணு குடுங்க” என்றார். கருதுகோள் நிறுவப்பட்டது.