ஊழியர் விழும்போது யார் பக்கம் நிற்பது?

இந்த முறை கேள்விகள் எல்லாம் ஜாதவ்பூரில் கூடும் தமிழ்க் கிறிஸ்தவர் ஜெபக்குழு ஒன்றிலிருந்து வந்திருக்கின்றன. மதிப்போடு பார்த்த ஊழியர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதில் மனம் உடைந்து எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: ரவி சக்கரியாஸின் புத்தகங்கள்தான் விசுவாசத்தை விட்டே போக இருந்த என்னைப் பிடித்து நிறுத்தின. இப்போது அவற்றைத் தூக்கி எறியவா? (ஆராய்ச்சி மாணவர்)

பதில்: உங்களைப் பிடித்து நிறுத்தியவர் கடவுள். அவரிடமிருந்து பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கச் சபை இந்தக் கேள்வியில்தான் இரண்டாக உடைந்தது. உபத்திரவ காலத்தில் பயந்துபோய் வேதப் பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்த குருமாரின் ஊழியம் செல்லுமா என்று ஒரு கூட்டம் கேட்டது. ஞானஸ்நானத்தை உண்மையில் கொடுப்பவர் கிறிஸ்து, ஆகவே கொடுத்த கை அழுக்கானாலும் அது செல்லும் என்று பின்னாளில் வாதாடினார் அகஸ்டின்.

அது பெற்றுக்கொண்டவருக்கு ஆறுதல். கொடுத்தவரை அது காப்பாற்றாது. 1946-ல் சென்னையில் பிறந்து, டெல்லியில் வளர்ந்து, உலக மேடைகளில் பேசிய ரவி 2020 மே மாதம் இறந்தார். அவருடைய அமைப்பே அமர்த்திய சட்ட நிறுவனத்தின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வந்தது. மசாஜ் சிகிச்சை செய்த பெண்கள் பலரிடம் அவர் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதை அது பதிவு செய்தது. ஒரு பெண் அதைப் பலாத்காரம் என்றே சொன்னார். வெளியே பேசினால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் கெட்டுப்போவதற்கு நீதான் பொறுப்பு என்று அவர் எச்சரித்ததாகவும் அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். சுவிசேஷத்தையே அந்தப் பெண்ணின் வாய்க்குப் பூட்டாக்கியிருக்கிறார். இதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புத்தகங்கள் உங்கள் அலமாரியில் இருக்கட்டும். வாலிபர் கூட்டத்தில் பரிசாக மட்டும் கொடுக்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் காயப்பட்ட ஒருத்தி உட்கார்ந்திருக்கலாம்.

கேள்வி: இறந்துபோனவரைப் பற்றி இப்படிப் பேசுவது தகுமா?

பதில்: அந்தப் பெண்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

கேள்வி: தாவீதும்தான் விழுந்தார். கடவுள் மன்னிக்கவில்லையா? ஒரு நொடி பலவீனத்துக்கு வாழ்நாள் தண்டனையா?

பதில்: ஒரு நொடியா? சாமுவேலின் இரண்டாம் புத்தகம், பதினோராம் அதிகாரத்தைத் திரும்ப வாசியுங்கள். தாவீது பத்சேபாளைப் பார்த்தார், விசாரித்தார், ஆள் அனுப்பி அழைப்பித்தார். அவள் கர்ப்பம் என்று தெரிந்ததும் போர்க்களத்திலிருந்து அவள் கணவன் உரியாவை வரவழைத்து வீட்டுக்குப் போகச் சொன்னார். அவன் போகாததால் மறுநாள் குடிக்க வைத்தார். அதுவும் பலிக்காமல் போகவே, அவன் சாவுக்கான கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினார். ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பிப் போக அவருக்கு நேரம் இருந்தது. அரண்மனையில் பலருக்கு விஷயம் தெரிந்தும் இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மன்னிப்பு கிடைத்தது உண்மை. அது தீர்க்கதரிசி நாத்தான் முகத்துக்கு நேரே சொன்ன பிறகு, தாவீது ஒரு சாக்கும் சொல்லாமல் ஒப்புக்கொண்ட பிறகு கிடைத்தது. அதற்குப் பிறகும் பட்டயம் அவர் வீட்டை விட்டு விலகவில்லை. நாத்தான் சொன்ன கதையில் குற்றம் முழுவதும் ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரன்மேல்தான் விழுகிறது, ஆட்டுக்குட்டிமேல் ஒரு துளியும் இல்லை. பத்சேபாள் ஏன் அங்கே குளித்தாள் என்று இன்றும் பிரசங்கத்தில் கேட்பவர்கள் நாத்தானிடம் பாடம் படிக்க வேண்டும்.

இன்னொன்று. மத்தேயு இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதும்போது பத்சேபாளை உரியாவின் மனைவி என்றே குறிப்பிடுகிறார். ஆயிரம் வருஷம் கழித்தும், கொல்லப்பட்டவனின் பெயர் புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்தில் நிற்கிறது. மன்னிப்பின் பெயரால் அவனை மறக்க வேதம் விடவில்லை. கடவுள் மன்னித்துவிட்டார் என்பதற்காகப் பிரசங்க பீடத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்றும் அது எங்கும் சொல்லவில்லை.

கேள்வி: "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று எங்கள் பாஸ்டர் எச்சரிக்கிறார். பயமாக இருக்கிறது, அண்ணா.

பதில்: பயப்படாதேம்மா. அந்த வார்த்தை 105-ஆம் சங்கீதத்தில் வருகிறது. அங்கே கடவுள் யாரை எச்சரிக்கிறார்? ராஜாக்களை. யாருக்காக? சொந்த நிலமில்லாமல் ஊர் ஊராக அலைந்த ஆபிரகாம் குடும்பத்துக்காக. எளியவர்களை அதிகாரத்திலிருந்து காக்கச் சொன்ன வார்த்தையை, அதிகாரத்தில் இருப்பவரைக் கேள்வியிலிருந்து காக்கத் திருப்புகிறார்கள்.

சவுல் மேல் கைபோட மாட்டேன் என்று சொன்ன அதே தாவீது, குகையை விட்டு வெளியே வந்து, எல்லாரும் கேட்க, நீர் எனக்குச் செய்வது அநியாயம் என்று சவுலிடம் முறையிட்டார். அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் எல்லாருக்கும் முன்பாகவே கண்டித்தார். கேள்வி கேட்பது கை ஓங்குவது ஆகாது.

கேள்வி: நான் படிக்கும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 2014-ல் ஒரு மாணவிக்காக ஊரே திரண்டதாம். சபையில் ஏன் ஒருவரும் திரள்வதில்லை?

பதில்: தன்னிடம் பாலியல் அத்துமீறல் நடந்ததாக அந்த மாணவி புகார் சொன்னாள். விசாரணை நேர்மையாக நடக்க வேண்டும் என்று மாணவர்கள் வளாகத்தில் தர்ணா உட்கார்ந்தார்கள். செப்டம்பர் 16 இரவில் போலீஸ் உள்ளே புகுந்து அடித்தது. அப்போது 'ஹோக் கலரவ்' (ஆரவாரம் எழட்டும்) என்று எழுந்த குரல், கொட்டும் மழையில் கொல்கத்தா வீதிகளுக்கு வந்தது. மறுவருஷம் ஜனவரியில் துணைவேந்தர் பதவி விலகினார். இத்தனைக்கும் முதலில் அவர்கள் கேட்டது ஒழுங்கான ஒரு விசாரணை.

அதையே சபையிலும் கேள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களின் புகாரை விசாரிக்க உள் விசாரணைக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். புகார் சொல்பவர் சம்பளக்காரராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கிறிஸ்தவப் பள்ளி, ஆஸ்பத்திரி, ஊழிய அலுவலகம் எதற்கும் விலக்கு கிடையாது. குழு இருக்கிறதா, உறுப்பினர்கள் யார், பெயர்ப் பலகை எங்கே என்று அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேள். பதில் வராவிட்டால் எழுதிக் கொடு.

கேள்வி: கொல்கத்தா ஆஷா நிகேதனை நேசிக்கிறோம். ஜான் வானியே பற்றித் தெரிந்த பின் எந்த முகத்தோடு அங்கே போவது?

பதில்: போங்கள். அறிவு வளர்ச்சி குன்றியவர்களோடு ஒரே வீட்டில் வாழ்வதற்காக 1964-ல் பிரான்சில் வானியே தொடங்கிய லார்ஷ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் ஆஷா நிகேதன். 2019-ல் அவர் இறந்தபோது புனிதர் என்றே பலரும் பேசினார்கள். ஆவிக்குரிய ஆலோசனை கேட்டு வந்த பெண்களை அவர் தவறாகப் பயன்படுத்தினார் என்று 2020-ல் அறிவித்தது லார்ஷேதான். அதோடு நிற்காமல் ஆய்வாளர்களை அமர்த்திப் பழைய கடிதங்களைத் திறந்துவிட்டது. குறைந்தது 25 பெண்கள் என்று 2023-ல் அறிக்கை வந்தது. நிறுவனரின் பெயரை இழந்தாலும் உண்மையைச் சொல்வோம் என்று நின்ற குடும்பம் அது. ரவியின் அமைப்பு நடந்துகொண்ட விதத்தோடு ஒப்பிடுங்கள். 2017-ல் ஒரு பெண் புகார் சொன்னபோது அவரை நம்பாமல் ரவியின் பக்கம் நின்றது அது. மன்னிப்புக் கேட்டது ரவி இறந்த பிறகுதான். இன்றைக்கு ஆஷா நிகேதனில் சோறு பரிமாறுகிறவர்கள் வானியேயின் பாவத்தைச் சுமக்க வேண்டியவர்கள் அல்லர்.

கேள்வி: நாம் சிறுபான்மையினர். இதையெல்லாம் வெளியே பேசினால் எதிரிகள் நம்மைத் தூஷிக்க மாட்டார்களா?

பதில்: தூஷிப்பார்கள். நம் நாட்டில் அந்தப் பயம் வெறும் கற்பனையும் அல்ல. ஆனால் சத்துருக்கள் தூஷிக்க இடமுண்டாக்கியது தாவீது செய்த காரியம் என்றுதான் நாத்தான் சொன்னார். அதை அம்பலமாக்கிய தன் வாய் என்று சொல்லவில்லை.

கேள்வி: நான் மதிக்கும் ஊழியரைப் பற்றி ஒரு சகோதரி என்னிடம் வந்து அழுதால் முதலில் என்ன செய்ய?

பதில்: கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். "ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடாதீர்கள். அந்த ஊழியர் முன் அவரைத் தனியாகக் கொண்டுபோய் நிறுத்திச் சமாதானம் பண்ண முயலாதீர்கள். மத்தேயு 18-ஐக் காட்டி அப்படிச் செய்யச் சொல்வார்கள், இணங்காதீர்கள். அவர் சம்மதித்தால் தேதி, இடம், தொலைபேசிச் செய்திகளைக் குறித்து வையுங்கள். அவசர உதவி எண் 112. பாதிக்கப்பட்டது பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் போலீசில் சொல்வது போக்சோ சட்டப்படி உங்கள் கடமை, மறைப்பது குற்றம். 1098-ஐ அழைக்கலாம். மற்றபடி அடுத்து என்ன செய்வது என்பதை அந்தச் சகோதரியே தீர்மானிக்கட்டும். அவர் பெயரை ஜெபக் குறிப்பாகக்கூட யாரிடமும் சொல்லாதீர்கள்.