ஃபிளம்மரியில் காற்றின் இடம்: ஒரு நுரையியல் விசாரணை

மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையில் போல. பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வகுத்துக்கொண்டு நம் தருக்க நூலார் நூற்றாண்டுக் கணக்கில் சலிக்காமல் சொல்லிவரும் சான்று இது. மலையேறிப் பார்க்கும் சிரமத்தைத் தவிர்க்க அவர்கள் போய் நின்ற இடம் அடுக்களை. தருக்கம் இத்தனை காலம் அடுக்களைக்குக் கடன்பட்டிருக்க, அடுக்களைப் பண்டம் ஒன்று தருக்கத்திடம் வந்து நியாயம் கேட்டால் கதவைச் சாத்த முடியாது. வந்திருக்கும் பண்டத்தின் பெயர் ஃபிளம்மரி. ஜெல்லியையும் டின் பாலையும் சேர்த்து நுரைக்க நுரைக்க அடித்து உறையவைப்பது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு நினைத்தாலே நாவூறுவது. இன்று அதே ஜெல்லித் தூளை வாங்கி, அதே டின் பாலை ஊற்றி, அதே குறிப்பின்படி செய்து தின்றுவிட்டு, ‘பழைய ருசி வரவில்லை’ என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஃபிளம்மரியின் தலைமைப் பொருள் ஜெல்லியும் அன்று, பாலும் அன்று, காற்றே. முறையீடும் காற்றைப் பற்றியதுதான், ருசியைப் பற்றியது அன்று என்பதே இக்கட்டுரையின் மேற்கோள்.

பெயரிலிருந்தே தொடங்கலாம், மரபு அதுதான். ஃபிளம்மரி என்பது வேல்ஸ் நாட்டிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் அது ஓட்ஸை ஊறவைத்து வடித்த மாவுநீரைக் காய்ச்சி உறையவைத்த எளிய கூழைக் குறித்தது. பிறகு பண்டம் மாறிக்கொண்டே போக, சொல்லுக்கு இன்னொரு பொருளும் வந்து சேர்ந்தது: உள்ளீடற்ற முகத்துதி, வெற்றுப் பேச்சு. உள்ளே ஒன்றும் இல்லாததற்கும் உள்ளே காற்று இருப்பதற்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் தற்செயலாக வைத்திருப்பார்கள் என்று நம்ப மனம் ஒப்பவில்லை. இன்னொரு சான்று சிட்னியில் கிடைக்கிறது. டிராம் நடத்துநராக இருந்த பெர்ட் ஆப்பிள்ராத் என்பவர் ஜெல்லி வணிகத்தில் இறங்கி, 1927இல் தம் சரக்குக்கு ‘ஏரோப்பிளேன் ஜெல்லி’ என்று பெயரிட்டார். அன்றைக்கு விமானம் புதுமை, புதுமையின் பெயரை ஒட்டினால் சரக்கு போகும் என்று வணிகர்கள் விளக்கம் சொல்லக்கூடும். இருக்கட்டும். நிலத்தில் ஓடும் டிராமில் சீட்டுக் கிழித்தவர், கையில் ஜெல்லி வந்ததும் வானத்தை நோக்கினார் என்பது மட்டும் நமக்குப் போதும்.

சொல்லாராய்ச்சியை நம்பாதவர்களுக்குச் செய்முறையே சாட்சி. 85 கிராம் ஜெல்லித் தூளை 250 மில்லி கொதிநீரில் கரைத்து ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். இனிப்புச் சேர்க்காத, சுண்டக் காய்ச்சிய டின் பால் 375 மில்லி முதல் நாள் இரவே குளிரில் இருந்திருக்க வேண்டும். ஜெல்லி முட்டையின் வெள்ளைக்கரு போலக் கொழகொழவென்று வரும் நேரம் பார்த்து, தனியே அடித்து நுரைத்த பாலில் அதை ஊற்றி மறுபடி அடிக்க வேண்டும். பாகுக்குக் கம்பிப் பதம் போல இதற்கு வெள்ளைக்கருப் பதம். பதத்துக்கு முன்னால் ஊற்றினால் நீராகவே இருக்கும், குமிழி நிற்காது. பதம் தப்பி உறைந்தபின் ஊற்றினால் கட்டி கட்டியாகச் சிதறும், குமிழி நுழையாது. மூன்று நிலையிலும் தூளின் எடை மாறவில்லை, பால் மாறவில்லை, நிறமும் வாசனையும் மாறவில்லை. காற்று தங்குமா தங்காதா என்பது ஒன்றுதான் மாறுகிறது. அந்த ஒன்றுக்காகவே கடிகாரத்தையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்து நிற்கிறார்கள். யாருக்காக வாசலில் காத்திருக்கிறோமோ அவரே முக்கிய விருந்தாளி.

இனி அளவை. மேற்சொன்ன சரக்கெல்லாம் சேர்ந்து சுமார் 730 கிராம் எடை, முக்கால் லிட்டருக்கும் குறைவான கொள்ளளவு. நன்றாக அடித்து இரு மடங்காக்கினால் ஏறக்குறைய 1,350 மில்லி. கூடிய பாதி முழுவதும் காற்று. அதன் எடை ஒரு கிராம்கூடத் தேறாது, விலை சுழியம். ஐஸ்கிரீம் தொழிலில் இப்படிக் கூடுவதை ‘ஓவர்ரன்’ என்பார்கள். நம் வீடுகளில் அதைவிட நல்ல சொல் உண்டு. உளுந்தை நீர் தெளித்துத் தெளித்துப் பொங்க அரைத்தால் ‘மாவு நன்றாகக் காணும்’ என்பார்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டு, மிதந்தால்தான் வடைக்கு ஆகும் என்பது காற்றை அளக்கும் கருவியல்லாமல் வேறென்ன? அரசும் காற்றைக் கணக்கில் எடுக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி ஐஸ்கிரீம் லிட்டருக்கு 525 கிராமுக்குக் குறையக் கூடாது. நம் ஃபிளம்மரியோ 540 கிராம் அளவில் நின்று மயிரிழையில் தப்புகிறது. இன்னும் கொஞ்சம் உற்சாகமாக அடித்திருந்தால், ஐஸ்கிரீம் என்று பெயர் வைத்துக்கொள்ளும் உரிமையை இழந்திருக்கும். சட்டம் போட்டுத் தடுக்கவேண்டிய அளவுக்குப் புகும் பொருளை, ‘ஒன்றுமில்லை, வெறும் காற்று’ என்று தள்ளுவது சட்டத்தையே அவமதிப்பதாகும்.

இங்கே முதல் தடை எழுகிறது. காற்றைச் சேர்த்து அளவைக் கூட்டுவது ஏமாற்று. டீக்கடையில் பாதிக் கிளாஸ் நுரை வைத்தால் ‘நுரையைக் குறைத்து ஊற்றப்பா’ என்று சொல்பவர், ஃபிளம்மரிக்கு மட்டும் ஏன் சலுகை காட்டுகிறார்? விடை எளிது. அவர் கேட்டது நுரையைக் குறைக்கத்தான், ஆற்றாமல் ஊற்றச் சொல்லவில்லை. ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றாமல் அப்படியே ஊற்றிக் கொடுத்தால் அதே மனிதர் காப்பியா கஷாயமா என்று கேட்பார். அளவு மீறியதுதான் குற்றம்; உப்பும் அப்படித்தான்.

இரண்டாவது தடை கனமானது. காற்று தானாக நிற்காது, ஜெல்லித் தூளிலுள்ள ஜெலட்டின் என்னும் புரதம் சுவர் எழுப்பினால்தான் நிற்கும்; ஆகவே ஜெலட்டினே தலைமைப் பொருள் என்பர். சுவர் இல்லாமல் வீடு இல்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் யாரும் சுவருக்குள் குடியிருப்பதில்லை. இதைத் தீர்க்க ஒரு சோதனை உண்டு: பச்சை அன்னாசி. அதிலுள்ள புரோமலெய்ன் என்னும் நொதி ஜெலட்டினைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். பப்பாளியும் அதே வேலையைச் செய்யும். டப்பாவில் அடைத்த பழம் சூட்டில் நொதியை இழந்துவிடுவதால் சாது. பச்சை அன்னாசியைப் போட்டுக் கெடுத்த கிண்ணத்தில் என்ன குறைகிறது என்று பாருங்கள். சர்க்கரை இருக்கிறது, பால் இருக்கிறது, நிறம் இருக்கிறது, ஜெலட்டின்கூட உடைந்த துண்டுகளாக அங்கேயேதான் கிடக்கிறது. வெளியேறியது காற்று ஒன்றே. அந்தச் செந்நிறப் பாயசத்தை ஃபிளம்மரி என்று எந்தக் குழந்தையும் ஏற்காது. எது போனால் பெயரும் போகிறதோ அதுவே உயிர்.

கடற்பாசிக் கட்சியார் குறுக்கிடுவார்கள், அவர்களையும் கேட்டுவிடுவோம். மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து கிடைக்கும் அகர், நோன்புக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் பாலோடு உறைந்து தட்டில் அமர்கிறது. அதையும் அடித்து நுரைக்கலாமே என்பார்கள். அகர் 40 பாகை செல்சியஸை ஒட்டியே உறையத் தொடங்கிவிடும், உருக வேண்டுமானால் 85 பாகை ஆக வேண்டும். குளிர்ந்த பாலில் பட்டதுமே அது இறுகிவிடுவதால், பதம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வாயில் போட்டாலும் உருகாது, பல்தான் வேலை செய்ய வேண்டும். ஜெலட்டினோ உடற்சூட்டுக்குச் சற்றுக் கீழே, 35 பாகை அளவில் உருகுவதால், நாக்கில் பட்டதும் சுவர் இடிந்து காற்று விடுதலையாகிறது. ஜப்பானியர் அடித்த வெள்ளைக்கருவோடு அகரைச் சேர்த்து அவயுகி என்றொரு நுரை இனிப்புச் செய்கிறார்கள். அருமையான பண்டம். ஆனால் அங்கே காற்றைத் தாங்கி வருவது முட்டை, அகர் அல்ல.

‘நுரை என்பது தனிப்பொருளே அன்று, ஜெல்லியின் ஒரு நிலை’ என்பாரும் உளர். ஈரமானதாலும் உலர்ந்ததாலும் கொல்வதில்லை என்று நமுசிக்கு வாக்களித்த இந்திரன், கடைசியில் நுரையால் அவனைக் கொன்று வாக்கையும் காப்பாற்றிக்கொண்டான் என்பது புராணம். நுரை மூன்றாவது இனம் என்று தேவலோகத்திலேயே தீர்ப்பாகிவிட்டதால் மேல்முறையீடு இல்லை.

எஞ்சியிருப்பது பழைய ருசி பற்றிய முறையீடு. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே, குழந்தைகளின் கண்முன்னாலேயே அகலக் குவளை நீரை ஒடுக்கமான உயரக் குவளைக்கு மாற்றிக் காட்டினார். ஏறத்தாழ ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், உயரக் குவளையில்தான் நீர் அதிகம் என்றார்கள். உளவியலார் இதை அறிவின் குறை என்று எழுதிவைத்தனர். ஃபிளம்மரியைப் பொறுத்தவரை அது குறையே அன்று. இங்கே உயரம் உண்மையாகவே கூடுகிறது, கூடிய உயரத்தைக் குழந்தை பண்டம் என்றே எண்ணித் தின்கிறது. ஒரு பாக்கெட் ஜெல்லி இரண்டு பாக்கெட் ஆனதைக் கண்ணால் பார்த்து, அந்த இரண்டையும் தின்று முடித்தது அது. வளர்ந்தவரோ கரண்டியை எடுக்கும்போதே பாதி காற்று என்று கழித்துவிடுகிறார், மீதிப் பாதியைத்தான் தின்கிறார். தூளிலும் பாலிலும் தவறில்லை. பந்தியில் தலைமைப் பொருளை எண்ணாமல் விட்டவர் அவரே.

ஆகவே இதைச் செய்பவர்கள் அகலத் தட்டில் பரிமாறாமல் உயரமான கண்ணாடிக் குவளையில் பரிமாறும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வீட்டில் ஏழு வயது நிரம்பாத ஒருவர் இருந்தால், அளவு சரியா என்று பார்க்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடவும்.