ஏழரை மணி ரசிகர்கள்

லாஸ் வேகாஸில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி என்றால் ராஜபாளையத்தில் ஞாயிறு காலை ஏழரை. யூஎஃப்சி என்கிற கூண்டுச் சண்டைப் போட்டியின் பெரிய சண்டைகள் பல வருஷமாக இந்தக் கணக்கில்தான் நம் பக்கம் விடிந்திருக்கின்றன. அமெரிக்கக்காரன் குளிர்காலத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் எட்டரை ஆகும். மற்ற மாதங்களில் ஏழரைதான். கூண்டுக்குள் நிற்கிற இரண்டு பேரில் யாருக்கு ஏழரை என்பது பத்து மணிவாக்கில் தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல். ஞாயிறு காலை ஏழரை என்பது ஆண்பிள்ளைகள் கறிக்கடைக்கு விரட்டப்படுகிற நேரம். ஆகவே நம் ஊர் எம்எம்ஏ, அதாவது கலப்புச் சண்டை, ரசிகனைப் பார்க்க ஜிம்முக்குப் போக வேண்டாம், கறிக்கடை வரிசைக்குப் போனால் போதும். ஒரு கையில் ஒயர்கூடை, மறு கையில் போன், காதில் ஒற்றை இயர்போன். வரிசை நகர்ந்ததுகூடத் தெரியாமல் நிற்பான். பின்னால் இருப்பவர் கூடையால் இடித்து நகர்த்துவார். அப்படி நின்ற ஒருவன் ஒருநாள் திடீரென்று, "ஈரல்! ஈரல்லயே குடுத்துட்டான்!" என்று கத்தினான். வலது விலாவுக்குக் கீழே ஈரலைக் குறிபார்த்து உதைப்பது இந்த விளையாட்டில் பேர்போன அடி. வாங்கியவனுக்குப் புத்தி தெளிவாக இருக்கும். உடம்புதான் மடங்கி உட்கார்ந்துவிடும். கடைக்காரருக்கு இந்த விவரமெல்லாம் எதற்கு? "கால் கிலோ போதுமா தம்பி?" என்று நிறுத்துப் பையில் போட்டுவிட்டார். தம்பியும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். வீட்டில் சொல்லி அனுப்பியது நெஞ்செலும்பு.

இந்த ரசிகர்களில் யார் எந்த ரகம் என்பது அவனவன் ஆள் ஜெயிக்கும்போது தெரியாது. அப்போது எல்லாரும் ஒரே மாதிரிதான் குதிப்பார்கள். ஆள் அடிவாங்கித் தோற்கிற நேரத்தில் முகத்தைப் பார்க்க வேண்டும்.

டப்ளின் வீரர் மெக்கிரகரின் பரம ரசிகனான மெக்கிரகர் தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். தாடி, படிய வாரிய தலை, இரண்டு கையையும் அகட்டி வீசிக்கொண்டு ஒரு நடை. டப்ளினில் பிறந்த அந்த நடையைப் பழைய பஸ் ஸ்டாண்டில் நடந்து காட்டினால், பூ விற்கிற அம்மா, "அக்குள்ல கட்டியாப்பா?" என்று விசாரிக்கிறார். 2015 டிசம்பரில் ஹோசே ஆல்டோவை மெக்கிரகர் 13 விநாடியில் சாய்த்தது தம்பியின் புராணத்தில் முதல் படலம். அதற்குப் பின் வந்த படலங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். 2018 அக்டோபரில் கபீப் கழுத்தை முறுக்கி நாலாவது ரவுண்டில் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்ட வைத்தாரே? "அன்னிக்கு அவருக்கு மனசு சரியில்லண்ணே." 2021 ஜனவரியில் பொய்ரியர்? "கால்லயே உதைச்சான்ணே." உதைக்கிற விளையாட்டில் காலில் உதைத்தால் என்ன தப்பு என்று கேட்கக் கூடாது. சரி, அதே வருஷம் ஜூலையில் முதல் ரவுண்டு முடிகிற நேரத்தில் கால் எலும்பே முறிந்ததே? தம்பி முகத்தில் வெளிச்சம் வரும். "அதத்தாண்ணே சொல்றேன். முறியலேன்னா ஜெயிச்சிருப்பார்ல?"

2024 ஜூனில் தலைவர் திரும்பி வருகிறார் என்ற சேதி உறுதியானதும் ஜிம்மில் எல்லாருக்கும் அவித்த முட்டை வாங்கிக் கொடுத்தான். கால்விரல் முறிந்து அந்தச் சண்டையும் நின்றுபோனது. முட்டை தின்றவர்கள் ஒருவரும் துக்கம் விசாரிக்கவில்லை.

இவனுக்கு நேர் எதிர், நாற்பதைத் தாண்டிய ரெஸ்லிங் அண்ணன். பள்ளிக்கூட வயதில் டிரம்ப் கார்டு விளையாடியே உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ் எல்லாம் மனப்பாடம் செய்த தலைமுறை. அண்டர்டேக்கர் சவப்பெட்டியிலிருந்தே எழுந்து வந்ததைக் கண்ணாரக் கண்டவர். இங்கே ஒருவன் தாடையில் ஒரு குத்து வாங்கிப் படுத்ததும் டாக்டர் ஓடிவந்து கண்ணில் டார்ச் அடிப்பது அவருக்குப் பெரிய ஏமாற்றம். "நாற்காலி எப்பப்பா வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரே ஒரு தடவை திருப்திப்பட்டிருக்கிறார். மெக்கிரகரை ஜெயித்த கையோடு கபீப் கூண்டைத் தாண்டி எதிராளியின் கூட்டத்துக்குள் பாய்ந்தாரே, அப்போது அண்ணன் எழுந்து உட்கார்ந்து, "ம், இப்பத்தான் மேட்ச் ஆரம்பிக்கு" என்றார்.

மில்லில் கணக்குப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். ரவுண்டை ஜெயித்தவனுக்குப் பத்து, தோற்றவனுக்குப் பெரும்பாலும் ஒன்பது, நடுவர் மூன்று பேர் என்ற முறை தெரிந்த நாளிலிருந்து அவர் சண்டை பார்ப்பதை விட்டுவிட்டார், மார்க் மட்டும்தான் போடுகிறார். அவருக்கென்று ஒரு வீரரும் கிடையாது. அவர் போட்ட கூட்டல் தோற்றால்தான் அவருக்குத் தோல்வி. அன்று முழுக்கச் சீட்டை நீட்டிக்கொண்டு தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அப்பீல் செய்வார்.

பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி போட்டிருக்கும் அண்ணாச்சியின் ரசனை தனி. ரவுண்டுக்கு ரவுண்டு ஒரு நிமிஷம் இடைவேளை. மற்றவர்கள் டீ சொல்கிற அந்த நிமிஷம்தான் அவருக்கு மேட்ச். கிழிந்த புருவத்தில் வாசலைனைத் தடவித் துணியை அழுத்துகிற ஆளைப் படத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்ப்பார். "நெருக்கம் பத்தாது. இழை பிரியுது பாருங்க. நம்ம சரக்கா இருந்தா இந்த ரத்தம் எப்பவோ நின்னுருக்கும்." பாவம், யார் தோற்றாலும் அவர் மனம் நோவதில்லை. புருவம் கிழியாமல் முடிகிற சண்டையைத்தான் அவரால் தாங்க முடியாது.

நாய் வளர்க்கிறவரோ சண்டையையே பார்ப்பதில்லை. வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, சுத்தமான ராஜபாளையம் நாய் வைத்திருக்கிறார். 2005-ல் தபால்துறை இந்த நாய்க்குத் தபால்தலை வெளியிட்ட கதையை அறிமுகமான முதல் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். முந்தின நாள் எடை பார்த்துவிட்டு இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு முறைத்துக்கொண்டு நிற்பார்களே, அந்த வீடியோ மட்டும் அவருக்குப் போதும். "நெஞ்சு இறங்கியிருக்கணும், வயிறு ஏறியிருக்கணும். பின்னங்கால் ஊன்றதைப் பாரு." 2018-ல் மெக்கிரகரையும் கபீபையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது குலைக்கிறது, அது கடிக்கிறது" என்று எழுந்து போனார். மறுநாள் அப்படியே நடந்தது. அன்றிலிருந்து தம்பிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

தேசபக்தர் ஒருவர் உண்டு. 2024 ஜூனில் பூஜா தோமர், யூஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனபோது ஸ்டேட்டஸில் மூவர்ணக் கொடி ஏற்றியவர். மூன்று நடுவர்களில் ஒருவர் எதிராளிக்கு மார்க் போட்டதை மட்டும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை. இந்திய வீரர் அன்ஷுல் ஜூப்ளி 2023 பிப்ரவரியில் ரோடு டு யூஎஃப்சி இறுதிச் சண்டையை ஜெயித்தபோது "நம்ம பய" என்றார். அதே ஜூப்ளி 2025 பிப்ரவரியில் சிட்னியில் 19 விநாடியில் விழுந்தார். போனைப் பையில் போட்டுக்கொண்டே தேசபக்தர் சொன்னது: "அவன் உத்தரகாண்ட்காரன்ல."

ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடகிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு ஊருக்கும் நடுவே பந்தயம் எப்போதும் பால்கோவாவில்தான். அரைக் கிலோவுக்குக் குறைந்து பேச்சே கிடையாது. ராஜபாளையத்துக்காரன் தோற்றால் பஸ் ஏறிப் போய் வாங்கித் தந்தாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் தோற்றால், "இங்கனதான இருக்கு, எங்க ஓடிரப் போகுது" என்று ஆடிப்பூரம் வரைக்கும் இழுத்தடிப்பான். தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பின்னும் பால்கோவா வந்து சேராத பந்தயங்கள் உண்டு.

அங்கே ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர். கூண்டுச் சண்டை பார்க்கிறவர்களில் புறநானூற்றை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர் அநேகமாக இவர் ஒருவர்தான். தரையில் உருளுவது தொடங்கினால் மற்றவர்கள் "கட்டிப்புடிச்சுப் படுத்துட்டாங்கப்பா" என்று சலிப்பார்கள். வாத்தியாருக்கு அப்போதுதான் உற்சாகம் பிறக்கும்.

"1993-ல டென்வர்ல முதல் போட்டி. பிரேசில்காரர் ஒருத்தர், ஹாய்ஸ் கிரேசி, ஒல்லி ஆளு. தரையில கிடந்தே எல்லாரையும் ஜெயிச்சாரு. உலகமே மலைச்சுப் போச்சு. நான் மலைக்கல."

"ஏன் சார்?"

"எண்பதாம் பாட்டைப் படிச்சவன் மலைக்க மாட்டான்."

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஒரு மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடிய பாட்டு அது. ஒரு கால் மார்பை மடக்கி அழுத்துகிறது, இன்னொரு கால் எதிராளியின் தந்திரத்தைத் தடுத்துப் பின்னால் வளைக்கிறது. மகனோடு பிணக்கில் இருந்த தந்தை தித்தன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இதைக் கண்டிருக்க வேண்டும் என்கிறார் புலவர். வாத்தியார் இதை விளக்க எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டுவார். பக்கத்தில் இருப்பவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொள்வார்கள்.

"எடைப் பிரிவு உண்டா சார்?" இது மில் கணக்கர்.

"கோமகனைத் தராசுல ஏத்துவாங்களாய்யா?"

அவருக்கு மிகவும் பிடித்த ரசிகை நக்கண்ணையார். கிள்ளிமேல் ஆசை வைத்து மூன்று பாட்டுப் பாடியவர். ஜெயம் அவனுக்குத்தான் என்று ஒரு கூட்டம், இல்லவே இல்லை என்று இன்னொரு கூட்டம். இந்தம்மா சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், தன் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் ஜெயித்ததைத் தானே பார்த்தாராம். "இருந்தா அப்பிடி இருக்கணும். மார்க் போடல, பந்தயம் கட்டல, நாற்காலி கேக்கல," என்று வாத்தியார் சுற்றியிருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார்.

"தோத்தவன் பேரு என்ன சார்?" என்றான் மெக்கிரகர் தம்பி. தோற்றவர்கள்மேல் அவனுக்கு எப்போதுமே ஒரு கரிசனம்.

"பேரு பாட்டுல இல்லப்பா. முக்காவல் நாட்டு ஆமூர் மல்லன்னு ஊர்ப்பேர் மட்டும் குறிச்சு வச்சிருக்கு."

அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த தேசபக்தர் தலையைத் தூக்கினார்.

"ஆமூரா? நம்ம விருதுநகர் மாவட்டமா சார்?"

"இல்ல."

"அப்பச் சரி" என்று மறுபடி குனிந்துகொண்டார்.