இலவச இரைச்சல்

எங்கள் மணப்பாட்டில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மணல்குன்றைக் கடல் ராப்பகலாக அறைந்துகொண்டே இருக்கும். ஆகவே, கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வயர் இழுத்துப் பழைய பாட்டைப் போட்டபோது, அடியில் ‘ம்ம்ம்ம்’ என்று கேட்ட முனகலைக் கடல் என்றே மூன்று நாள் நம்பினேன். ஜன்னலைச் சாத்தினேன். கடல் வெளியே நின்றுவிட்டது, முனகல் நிற்கவில்லை.

“பெட்டிக்கு வயிறு சரியில்ல போல,” என்றாள் மனைவி.

அடுத்து உப்புக்காற்றின் மேல் பழி. கதவுக் கொண்டியைத் தின்ற காற்று வயர் முனையை விடுமா? ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். புது வயர் வாங்கினேன். சவுண்ட் டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினேன். இதில் பாட்டு போய்விட்டது. முனகல் மட்டும் தெள்ளத் தெளிவாக மிஞ்சியது.

வயர்மேனாக இருக்கும் தங்கச்சி மகன் வந்தான். “இது கரண்டோட குரல் மாமா, 50 ஹெர்ட்ஸ்,” என்றான். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸாம். அங்கே சற்று உச்சக் குரலில் முனகும் போலிருக்கிறது. வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கித் தன் செல்போனில் செருகினான். பாட்டு பளிங்குபோல வந்தது.

“கம்ப்யூட்டர் பிளக் எங்க இருக்கு?”

“பின்கட்டுல.”

“ஆம்ப்ளிஃபயருக்கு?”

“முன்னறையில.”

“ரெண்டும் ஒரே மீட்டரா மாமா?”

எனக்கு இருமல் வந்தது. 2016-இல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்ததும், 200 கிடைக்கட்டுமே என்று பின்கட்டுக்குத் தனி இணைப்பு வாங்கிய புத்திசாலி நான். மீட்டர் இரண்டு, எர்த் குழியும் இரண்டு. காய்ந்த மணலில் எர்த் சரியாகப் பிடிக்காது. குழிக்குக் குழி வோல்டேஜ் கொஞ்சம் வித்தியாசப்படும். நான் இழுத்த வயரின் வெளிச்சுற்றுக் கம்பி இரண்டுக்கும் பாலம் போட்டுவிட்டது. அதன் வழியாக ஓடும் மின்சாரத்தையும் பாட்டென்று எண்ணி, ஆம்ப்ளிஃபயர் மரியாதையாகப் பெருக்கிக் கொடுத்திருக்கிறது.

“அப்ப எர்த் பின்னை ஒடிச்சிரட்டா?” என்று குறடைத் தேடினேன்.

“இரைச்சல் போயிரும். ஒருநாள் நீங்களும் போயிருவீங்க.”

கம்ப்யூட்டரை முன்னறைக்குத் தூக்கி வந்து, இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினான். அவ்வளவுதான், முனகல் செத்தது. போகிற போக்கில், எர்த் குழிகளில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னான். ஒரு வாரமாக உப்பைத் திட்டிக்கொண்டிருந்த நான், கடைக்குப் போய்க் கல்லுப்பு வாங்கி வந்தேன்.

“நூறு யூனிட்டுக்கு ஆசப்பட்ட மனுசன், புது வயருக்கு எவ்வளவு குடுத்தீங்க?” என்று மனைவி கேட்டாள். பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன்.

இந்த முறை முன்வீட்டு மீட்டரில் 104 யூனிட்.