பேரிடர்களின் கனிவான கவனத்திற்கு

புயல், வெள்ளம், கடல், மின்னல், நிலச்சரிவு, திருடர் உள்ளிட்ட அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: எங்கள் வீடுகளுக்குள் வராதீர்கள் என்று உங்களைத் தடுக்கும் வலு எங்களுக்கு இல்லை. ஆனால் வருகிறவர்கள் முறையாக வரவேண்டும். அந்த முறை என்னவென்று இன்ஷூரன்ஸ் பாலிசியில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்காமல் வந்து இடித்துப் போட்டுவிட்டு நீங்கள் போய்விடுகிறீர்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முன்னால் கைகட்டி நிற்பவர்கள் நாங்கள். பாலிசியை வாங்கிய வீட்டுக்காரர் படிக்கவில்லை. விற்ற ஏஜெண்டு படிக்கவில்லை. கடன் கொடுத்த பேங்க்காரர் படிக்கவில்லை. நீங்களாவது படியுங்கள்.

2021 ஏப்ரல் 1 முதல் உங்களுக்கென்று நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான பாலிசி வந்திருக்கிறது. பெயர் 'பாரத் க்ருஹ ரக்ஷா'. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யே வாசகத்தை எழுதிக் கொடுத்து, தீக் காப்பீடு விற்கும் கம்பெனிகள் எல்லாம் இதை விற்றே ஆகவேண்டும் என்று உத்தரவிட்டது. அதிலிருந்து உங்கள் ஒவ்வொருவருக்குமான நடத்தை விதிகளைத் தொகுத்துத் தருகிறோம்.

முதலில் கடல். சுனாமியாக எழுந்து ஒரே வீச்சில் வீட்டைத் தூக்கிப்போனால் இழப்பீடு உண்டு. சுனாமி என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். ஆனால் வருஷக்கணக்கில் கரையைச் சாண் சாணாகத் தின்று, முதலில் தென்னையையும் பிறகு திண்ணையையும் கடைசியில் சுவரையும் விழுங்குகிற வேலை கூடாது. கடலரிப்பால் நிலம் சரிந்து வீடு போனால் ஒரு பைசா கிடையாது. ஆற்றரிப்புக்கும் அதே விதிதான். எண்ணூரிலும் குமரிக் கடலோர ஊர்களிலும் கடல் இவ்வளவு காலமாகச் செய்துவருவது பாலிசி ஒழுங்குக்கு முற்றிலும் விரோதமானது. எடுப்பதாக இருந்தால் மொத்தமாக ஒரே நாளில் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்து பூமி. நிலம் உள்வாங்கலாம், சரியலாம், பாறையை உருட்டிவிடலாம். எல்லாவற்றுக்கும் காப்பு உண்டு. ஆனால் கொட்டி மேடாக்கிய மண் அமுங்கக் கூடாது. புதுக்கட்டடம் தன் பாட்டுக்கு அமர்ந்து விரிசல் விடக் கூடாது. பக்கத்து மனையில் யாரோ பள்ளம் தோண்டியதால் நம் சுவர் இறங்கக் கூடாது. பில்டர் சிமெண்டைக் குறைத்துப் போட்டதால் தளம் தொங்கவே கூடாது. இந்த நான்கும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. சென்னைக்காரர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். தியாகராய நகரே மாம்பலம் நெட்டேரி கிடந்த இடம். அதற்குப் பின்னும் எத்தனை ஏரியில், எத்தனை சதுப்பில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மனை போட்டு விற்றிருக்கிறோம்! மேடாக்கிய மண் அமுங்கினால் காசில்லை என்கிற ஒற்றை வரி, இந்த ஊரின் புறநகர் வரைபடத்தில் பாதியின் மேல் குறுக்குக்கோடு போடுகிறது. கொட்டியவனுக்குப் பட்டா கிடைத்தது, கட்டியவனுக்கு லாபம் கிடைத்தது, குடியிருப்பவனுக்கு விரிசல் கிடைத்தது.

மின்னலுக்கு ஒரு வார்த்தை. கூரைமேல் நேரே விழுந்து சுவரைப் பிளந்தால் நீ அங்கீகரிக்கப்பட்ட விருந்தாளி. அதே நீ கம்பி வழியாக நுழைந்து டி.வி.யைக் கருக்கினால் அந்த டி.வி.க்கு எதுவும் கிடையாது. மின்கசிவு, ஷார்ட் சர்க்யூட், அதிக அழுத்தம் இவற்றால் அந்தக் கருவிக்கே நேரும் சேதம் விலக்கு. காரணம் மின்னலே ஆனாலும் விலக்கு என்று அடைப்புக்குறி போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். கருகிய டி.வி.யிலிருந்து தீ பரவி சோபா எரிந்தால் சோபாவுக்கு உண்டு. ஆகையால் வீட்டுக்கு வந்தால் ஒரு பொருளோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

திருடர் பெருமக்களுக்கு விதி இரண்டு. ஒன்று, புயலோ வெள்ளமோ தீயோ வந்து வீடு சேதமான ஏழு நாளுக்குள், அந்தச் சேதத்தைச் சாக்காக வைத்துத் திருடினால்தான் இந்த பாலிசியில் காசு. எட்டாம் நாள் வருவது வீண். சாதாரண நாளில் தொழில் செய்கிறவர்களுக்காகத் தனியே களவுக் காப்பீடு எடுக்க வேண்டும். அங்கேதான் இரண்டாம் விதி: பூட்டை உடையுங்கள். திறந்த கதவு வழியே பூனை மாதிரி வந்து எடுத்துப்போனால் அது களவே அல்ல என்று சொல்லும் பாலிசிகள் இருக்கின்றன. 2004-இல் ஒரு கிடங்கிலிருந்து மூட்டைகள் காணாமற்போன வழக்கில், பலப்பிரயோகம் நடக்காததால் இழப்பீடு இல்லை என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. இந்த வரையறை ரொம்பக் கறாரானது, கம்பெனிகள் இதைத் திருத்த வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் கேட்டுக்கொண்டது. நீதிமன்றத்தின் ஆதங்கத்துக்கு பிரீமியம் யாரும் கட்டவில்லை போலும். ஆகவே கடப்பாரை இல்லாமல் யாரும் வரவேண்டாம்.

கடைசியாக வெள்ளம். உனக்கு ரத்தினக் கம்பளம். 2015 டிசம்பரில் அடையாறு வழிந்து வந்தது போலவும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் மூழ்கடித்தது போலவும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வீட்டுக்குள் வந்தபின் எதைத் தொடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். சுவரைத் தொடலாம். பொருட்களுக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்திருந்தால் கட்டிலையும் பீரோவையும் தொடலாம். பீரோவுக்குள் இருக்கிற ரூபாய் நோட்டைத் தொடக் கூடாது. வீட்டுப் பத்திரத்தையும் மார்க் ஷீட்டையும் தொடக் கூடாது. பணமும் ஆவணமும் விலக்கு. நகையைத் தொட வேண்டுமானால் அதற்குத் தனியாக மதிப்புச் சொல்லி பிரீமியம் கட்டியிருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள். கீழே நிற்கும் காருக்கு வீட்டு பாலிசியில் இடமில்லை; அதற்கு வண்டி பாலிசி வேறு. ஃப்ரிட்ஜில் நுழைந்தால் தண்ணீராகவே நுழைந்து தண்ணீராகவே கெடு. சர்வேயர் குனிந்து பின்பக்கத்து மூடியைக் கழற்றி, கம்ப்ரெஸரில் கரி படிந்திருக்கிறதா, சேறு படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். சேறு என்றால் வெள்ளம். கரி என்றால் ஷார்ட் சர்க்யூட். அந்த ஒரு விரற்கடைக் கறையில் இருக்கிறது எங்கள் இழப்பீடு.

உங்களிடம் பேசியது போதும். நீங்கள் இயற்கை; உங்களுக்குப் படிப்பறிவு இல்லை. படித்தவர்களிடம் வருவோம்.

விலக்கு இல்லாத காப்பீடு உலகத்தில் எங்கும் கிடையாது. போர், அணுக்கதிர், வேண்டுமென்றே வைத்த தீ இவற்றுக்கெல்லாம் பணம் தரமாட்டேன் என்று கம்பெனி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாரத் க்ருஹ ரக்ஷா உண்மையில் மோசமான பாலிசியும் அல்ல. பழைய தீ பாலிசியில், 20 லட்சம் மதிப்புள்ள வீட்டை 10 லட்சத்துக்கு எடுத்திருந்தால், 4 லட்சம் நஷ்டத்துக்கு 2 லட்சம்தான் தருவார்கள். புதியதில் அந்த வெட்டு இல்லை. கட்டடத்தோடு பொருட்களையும் சேர்த்தால், பட்டியல் எழுதாமலே கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, தானாகக் காப்பு கிடைக்கும். நீண்டகாலப் பாலிசியில் காப்புத் தொகை வருஷத்துக்கு 10 சதவீதம் தானே ஏறும். இடிபாட்டை அகற்றவும், வேறு வீட்டில் குடியிருக்கும் வாடகைக்கும்கூடப் பணம் உண்டு. இவ்வளவு நல்ல சரக்கை யாராவது உங்களிடம் கூவி விற்றார்களா? விற்க மாட்டார்கள். பிரீமியம் சல்லிசு, பிரீமியம் சல்லிசென்றால் கமிஷனும் சல்லிசு.

அதற்குப் பதில் விற்கப்படுவதைப் பாருங்கள். வீட்டுக்கடன் கிடைக்கிற நாள். பேங்க் மேஜையில் ஒரு சாண் உயரக் காகிதக் கட்டு. பென்சிலால் இன்டு போட்ட இடத்தில் எல்லாம் புருஷனும் பெண்சாதியும் மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போடுகிறார்கள். நடுவில் ஒரு தாள். "இது என்ன சார்?" "ஹோம் லோன் இன்ஷூரன்ஸ் சார், கம்பல்சரி." அது கம்பல்சரி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய வேடிக்கை, பல நேரம் அந்தத் தாள் வீட்டுக்கான காப்பீடே அல்ல. கடன் வாங்கியவர் செத்தால் கடனை அடைக்கிற ஆயுள் காப்பீடு. அதன் ஒற்றை பிரீமியத்தையும் கடனோடு சேர்த்து, 20 வருஷம் வட்டியோடு வசூலிக்கிறார்கள். குடும்பமோ வீட்டைக் காப்பீடு செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று அந்தத் தாளைப் பிரிக்கும்போதுதான் தெரிகிறது: வீடு முழுகியதற்குப் பணம் இல்லை, வீட்டுக்காரர் முழுகியிருந்தால் உண்டு.

வீட்டுக்கே பாலிசி போட்டுக்கொடுக்கும் பேங்கிலும் ஒரு தந்திரம் நடக்கிறது. காப்புத் தொகையைக் கணக்கிட வேண்டியது வீட்டின் கார்ப்பெட் ஏரியாவைக் கட்டுமானச் செலவால் பெருக்கி. 1,000 சதுர அடியை இன்று சதுர அடிக்கு 2,500 ரூபாய்க்குக் கட்டலாம் என்றால் 25 லட்சம். ஆனால் ஃபிளாட்டின் விலை ஒரு கோடி, கடன் 80 லட்சம் என்பதால் 80 லட்சத்துக்கே பாலிசி என்பார்கள். மிச்ச 55 லட்சம் நிலத்தின் விலை. நிலம் எரியாது, வெள்ளத்தில் அடித்துக்கொண்டும் போகாது. நாளைக்கு வீடு தரைமட்டமானாலும் கட்டுகிற செலவுதான் கிடைக்கும். எரியாத மண்ணுக்கு வருஷா வருஷம் தீ பிரீமியம். அதற்கு மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

இன்னொரு வழக்கையும் சொல்லாமல் விடமுடியாது. ஒரு கடைக்குக் கம்பெனி தீக் காப்பீடு விற்றது. கடை இருந்தது பேஸ்மென்ட்டில். அது கம்பெனிக்குத் தெரியும். பிரீமியத்தையும் வாங்கிக்கொண்டது. தீப்பிடித்தது. உடனே கம்பெனிக்கு ஞாபகம் வந்தது, பாலிசியில் பேஸ்மென்ட்டுக்கு விலக்கு இருக்கிறது என்று. பேஸ்மென்ட்டில் மட்டுமே இருந்த கடைக்கு, பேஸ்மென்ட் தவிர மற்றதற்கெல்லாம் காப்பு! வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், ஒப்பந்தத்தையே அர்த்தமற்றதாக்கும் விலக்கு செல்லாது என்று 2022-இல் தீர்ப்பு வந்தது. கடைக்காரர் பிழைத்தார். உச்ச நீதிமன்றம் வரை போகத் தெம்பில்லாத ஓய்வூதியக்காரர்கள் எத்தனை பேர் வீட்டுக்கு வந்த மறுப்புக் கடிதத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டார்கள் என்பதை எந்த நீதிமன்றமும் எண்ணுவதில்லை.

இதற்கும் கீழே ஒரு தட்டு இருக்கிறது. ஓலைக்கூரை, மூங்கில் தட்டி, தார்ப்பாய் போட்ட வீடுகளுக்கு இந்தத் தொழிலில் 'கச்சா' என்று பெயர். பெரும்பாலான கம்பெனிகள் அவற்றை ஏற்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் நாகையிலும் திருவாரூரிலும் தஞ்சையிலும் புதுக்கோட்டையிலும் முதலில் பிய்த்தெறிந்தது அந்தக் கூரைகளைத்தான். புயல் தேடிப்போகிற வீட்டைக் காப்பீடு தேடாது. காப்பீடு தேடிப்போகிற கான்கிரீட் வீட்டைப் புயல் அதிகம் சீண்டாது. அபாயத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் தொழில் என்று இதற்குப் பெருமை வேறு. கூரை போனவனுக்கு ரேஷன் கடை வரிசைதான் சர்வேயர் ஆபீஸ்.

ஆகவே பாலிசி எடுக்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். இது வீட்டுக்கா, உயிருக்கா? கட்டடத்துக்கு மட்டுமா, பொருளுக்கும் சேர்த்தா? தொகையைக் கட்டுமானச் செலவில் கணக்கிட்டீர்களா, நில விலையிலா? என் பிரீமியத்தில் களவும் நகையும் சேர்ந்திருக்கிறதா? மாடியில் ஒரு ரூம் எழுப்பி வீட்டின் கார்ப்பெட் ஏரியாவில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் அதையும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சொல்லாத ரூமுக்குக் காசு வராது. சேதம் நடந்தால் எதையும் கழுவித் துடைக்கும் முன் படம் எடுத்துவிட்டு அன்றைக்கே தகவல் கொடுங்கள். கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, அதை மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் குறைதீர்ப்பாளரான இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. இந்த விவரத்தை எந்தப் பேங்கும் பென்சிலால் இன்டு போட்டுக் காட்டாது.

ஆணையத்துக்கும் ஒன்று. பாலிசி வாசகத்தை நீங்களே எழுதினீர்கள், சந்தோஷம். எதற்குக் காசு கிடையாது என்பதை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் அச்சடித்து, அதில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பிரீமியத்தைத் தொடவேண்டும் என்று ஓர் உத்தரவு போடுங்கள். விற்கிற அன்று ஒரு பக்கம் எழுதித் தரச் சோம்பல்படுகிற கம்பெனிதான், மறுக்கிற அன்று ஷரத்து எண்ணோடு ஆறு பக்கம் எழுதுகிறது.